செய்கூலி மட்டும் ஒன்பதாயிரம்

பொட்டலத்தைப் பிரித்ததும் நான் முதலில் செய்த காரியம், மாதிரிக் காரைத் தராசில் வைத்ததுதான். வெள்ளி நிறுக்கிற தராசு. 946 கிராம் காட்டியது. பக்கத்தில் கொலுசுக்குப் பொடி வைத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். என் அப்பா காலத்திலிருந்தே எங்கள் பட்டறையில் இருப்பவர். எனக்கு ஐம்பது வயதாகிறது. அவருக்கு நான் இன்னமும் தம்பிதான்.

"தம்பி, இதில் வெள்ளி எவ்வளவு?"

"வெள்ளியே இல்லை மாமா. துத்தநாகக் கலவை."

"விலை?"

"ஒன்பதாயிரத்து நானூறு."

ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டார். "அப்படியென்றால் அத்தனையும் செய்கூலியா?"

ஆமாம், அத்தனையும் செய்கூலிதான். அது தகுமா என்று பார்க்க இரண்டு வாரம் எடுத்துக்கொண்டேன்.

வாங்கியது பிஎம்டபிள்யூ எம்1 காரின் மாதிரி. உண்மைக் காரில் பதினெட்டில் ஒரு பங்கு. கனகாம்பர நிறம். உண்மைக் காரைச் சேலத்தில் நான் பார்க்கப்போவதில்லை. 1978 முதல் 1981 வரை, சாலைக்கும் பந்தயத்துக்கும் சேர்த்தே ஏறக்குறைய 450 கார்கள்தான் கட்டினார்கள். செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சிறுவர்கள் ஆடிய கார் அட்டை விளையாட்டில்தான் இதை முதலில் பார்த்தேன். வேகத்தில் இதை வெல்லும் அட்டைகள் கட்டில் நாலைந்து இருந்தன, அதனால் யாரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. நான் மட்டும் இரண்டு நல்ல அட்டைகளைக் கொடுத்து இதை வாங்கிக் கணக்கு நோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். ஆப்பு மாதிரி மெலிந்த மூக்கும் பின்கண்ணாடிமேல் கறுப்புச் சட்டங்களும் என்னை ஏதோ செய்திருக்கின்றன.

இது பிறந்த கதையைப் பிற்பாடு படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே நம் ஊர்க் கொலுசின் கதை. சேலத்துக் கொலுசு ஒரே கூரையின் கீழ் பிறப்பதில்லை. ஒரு வீட்டில் கம்பி இழுப்பார்கள், இன்னொரு வீட்டில் கண்ணி கோர்ப்பார்கள், பொடி வைப்பது ஓரிடம், மீனா என்கிற வண்ணப்பூச்சு வைப்பது ஓரிடம், மெருகுக்குச் சிவதாபுரம் போகவேண்டும். நடுவில் யாராவது ஒருவர் வீட்டில் காதுகுத்து என்றால் மொத்த ஆர்டரும் நின்றுவிடும். இந்த ஜெர்மன் காரும் அப்படித்தான் அலைந்திருக்கிறது. கட்டித்தரும் பொறுப்பை முதலில் இத்தாலியின் லம்போர்கினியிடம் விட்டார்கள். அங்கே பணமுடை, வேலை நகரவில்லை. 1978-இல் அதைத் திரும்பப் பெற்று, ஆளுக்கொரு வேலையாகப் பிரித்துக் கொடுத்தார்கள். எஃகுக் குழாய்ச் சட்டம் மோடெனாவில் மார்க்கேசி என்ற பட்டறையில். கண்ணாடியிழை உடல் இன்னோர் இத்தாலியப் பட்டறையில். இரண்டையும் பொருத்தி உள்வேலை முடித்தது டூரினில் வடிவமைப்பாளர் ஜியுஜாரோவின் இட்டால்டிசைன். வடிவமும் ஜியுஜாரோ வரைந்ததுதான். பிறகு வண்டியேறி ஜெர்மனிக்கு, ஸ்டுட்கார்ட்டில் பவுர் என்ற நிறுவனத்துக்கு. எஞ்சின் அங்கேதான் உள்ளே போனது.

400 கார்கள் கட்டினால்தான் இந்தக் காருக்கு எண்ணியிருந்த பந்தயப் பிரிவில் இறங்க அனுமதி என்பது அன்றைய விதி. இப்படி ஊர் ஊராகச் சுற்றி வந்தால் 400 எப்போது சேரும்? அதுவரை சும்மா இருப்பானேன் என்று, இந்தக் காருக்கென்றே புரோகார் என ஒரு தனிப் பந்தயத்தைத் தொடங்கிவிட்டார்கள். ஃபார்முலா ஒன் ஓட்டுநர்கள் ஒரே மாதிரி எம்1 கார்களில் ஒருவரையொருவர் துரத்தினார்கள். 1979-இல் நிக்கி லாடாவும் 1980-இல் நெல்சன் பிக்கேயும் பட்டம் வென்றார்கள். அதே 1979-இல் ஓவியர் ஆண்டி வார்ஹால் ஒரு பந்தய எம்1 காருக்குத் தன் கையாலேயே வண்ணம் பூசினார். 28 நிமிடத்தில் முடித்தாராம். எங்களுக்கு மீனா வைத்துத் தருபவர் ஒரு ஜோடிக்கே அரை நாள் எடுத்துக்கொள்வார். ஆனால் அந்தக் கார் அவ்வருடமே லெ மான் பந்தயத்தில் 24 மணி நேரம் ஓடி ஆறாவதாக வந்தது. ஆகவே அவசரப் பூச்சு என்று நான் குறை சொல்வதற்கில்லை.

சரி, மாதிரிக்கு வருவோம். வெர்னியர் வைத்து அளந்தேன். நீளம் 242.2 மில்லிமீட்டர். பதினெட்டால் பெருக்கினால் 4,360-ஐ ஒட்டி வருகிறது. உண்மைக் காரின் அளவு அதுதான். உயரம் 63.3, பெருக்கினால் 1,140. அதாவது எம்1 என் பக்கத்தில் வந்து நின்றால் அதன் கூரை என் மார்புக்குக் கீழேதான் இருக்கும். டயர்களை அளந்தபோதுதான் உண்மையில் மகிழ்ந்தேன். உண்மைக் காரின் முன் டயர் 205 மில்லிமீட்டர் அகலம், பின் டயர் 225. மாதிரியில் முன்னது 11.4, பின்னது 12.5. ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தை யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள் என்று நான்கையும் ஒரே அச்சில் போட்டிருக்கலாம், போடவில்லை. செய்தவன் தொழில் தெரிந்தவன்.

பூச்சும் நன்றாகவே இருக்கிறது. குழல் விளக்குக்குக் கீழே காரைச் சாய்த்துப் பிடித்தால், விளக்கின் வெள்ளைக் கோடு மூக்கிலிருந்து வால்வரை நெளியாமல் ஓடுகிறது. எங்கள் தொழிலில் மெருகைச் சோதிப்பதும் இப்படித்தான். மூக்கில் மறைந்திருக்கும் முன்விளக்குகளை நகத்தால் நெம்பினால் எழுந்து நிற்கின்றன. கதவுகள் மட்டும் கொஞ்சம் சோதா. இடது கதவு இடுக்கில் 26 கேஜ் கம்பி தாராளமாக நுழைகிறது. உண்மைக் காரின் அளவுக்குக் கணக்குப் போட்டால் எட்டு மில்லிமீட்டருக்கு மேல், மழைக்காலத்தில் உள்ளே குடை பிடிக்கவேண்டும். வலது கதவில் அதே கம்பி பாதியில் நின்றுவிடுகிறது.

இந்தக் காரின் முதுகில் ஒரு விசேஷம் உண்டு. பொதுவாக பிஎம்டபிள்யூ காருக்குப் பின்னால் ஒரு வட்டச் சின்னம் என்றால், எம்1-க்கு இரண்டு. இடது மூலையில் ஒன்று, வலது மூலையில் ஒன்று. கொலுசுக்காரனுக்கு ஜோடி என்றால் கண் தானாகப் போய்விடும். லென்ஸை வைத்துப் பார்த்தேன். இடது சின்னத்தில் நீலமும் வெள்ளையுமான நான்கு கட்டங்களும் செங்குத்தாக நிற்கின்றன. வலது சின்னம் ஒரு நூல் இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. வீட்டில் காட்டினேன். "எனக்கு ஒன்றும் தெரியவில்லை" என்றாள் மனைவி. தெரியாதுதான். ஆனால் ஜோடியில் ஒன்று அரை முத்து கூடிவிட்டது என்று முழு ஆர்டரையும் திருப்பி அனுப்பும் கடைகளோடு முப்பது வருடம் குப்பை கொட்டியவனுக்கு, ஒருமுறை பார்த்துவிட்டால் அது மட்டுமே தெரியும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்கமுடியாதது எஞ்சின். பின்மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது ஒரே அச்சில் ஊற்றிய பிளாஸ்டிக் கட்டி, மேலே வெள்ளிப் பூச்சு. இந்தக் காரின் பெருமையே அதுதானே! 3,453 சிசி, வரிசையாக ஆறு சிலிண்டர், 24 வால்வு, 277 குதிரைத்திறன். அதை முன்னாலும் வைக்காமல், கடைசியிலும் வைக்காமல், இருக்கைக்குப் பின்னால் பின் அச்சுக்கு முன்னால் உட்காரவைத்திருக்கிறார்கள். மாட்டு வண்டியில் பாரம் ஏற்றியவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. முன்பாரம் ஆனால் மாட்டின் கழுத்து நோகும், பின்பாரம் ஆனால் நுகத்தடி தூக்கும். பாரம் சரியான இடத்தில் உட்கார்ந்தால்தான் வண்டி சொன்னபடி திரும்பும். அப்படி இடம் பார்த்து உட்காரவைத்த எஞ்சினில், காற்று உறிஞ்சும் ஆறு வாய்களையாவது தனித்தனியாகக் காட்டியிருக்கவேண்டாமா? ஆறு மேடுகள் இருக்கின்றன. பணியாரக் கல்லைக் கவிழ்த்து வைத்ததுபோல.

போன ஞாயிற்றுக்கிழமை காரைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏற்காடு புறப்பட்டேன். ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவின் கைப்பிடிச் சுவரில் வைத்துப் படம் எடுக்க ஆசை. மூன்றாவது படத்துக்குள் ஒரு குரங்கு வந்து உட்கார்ந்துகொண்டு, நிறத்தைப் பார்த்து ஆரஞ்சுப் பழம் என்று நினைத்ததோ என்னவோ, கையை நீட்டியது. அவசரமாகப் பைக்குள் போட்டுவிட்டு நின்றபோது ஒரு பஸ் கீழிருந்து உறுமிக்கொண்டு வந்தது. வளைவுக்கு முன்னால் ஓட்டுநர் இரண்டாவது கியரிலிருந்து முதல் கியருக்கு இறக்கும் சத்தம் கேட்டது. வளைவு தாண்டியதும் மறுபடி இரண்டாவது. மலை முழுக்க இதே பாட்டுதான், 20 வளைவு.

அப்போதுதான் உறைத்தது. எம்1 காரின் கியர்ப் பெட்டியில் முதல் கியர் இடது கீழ் மூலையில் இருக்கிறது. இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே நேர்க்கோட்டில், மேலும் கீழுமாக. பந்தயத்தில் அடிக்கடி மாற்றுவது அந்த இரண்டைத்தான் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். முதல் கியர் கிளம்புவதற்கு மட்டும். ஏற்காட்டிலோ முதலும் இரண்டும்தான் வேலை செய்யும். ஒவ்வொரு வளைவிலும் கியர் கம்பியைக் குறுக்கே தள்ளி மூலையில் தேடவேண்டும். மேலே லேடீஸ் சீட் காட்சிமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். போதாக்குறைக்கு ஸ்டீரிங் இடப்பக்கம். யாராவது அந்தக் காரின் சாவியை என் கையில் கொடுத்தால் மலைப்பக்கம் திருப்பவே மாட்டேன். ஓமலூர் வரை நெடுஞ்சாலையில் ஒரு நடை, அவ்வளவுதான் என் ஆசை.

விற்ற கடையைப் பற்றியும் சொல்லவேண்டும். நுரை வைத்துக் கட்டிய விதத்தில் குறையில்லை, கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் சாய்ந்த சின்னத்தைப் படம் எடுத்து அனுப்பியபோது, "எங்கள் கண்ணுக்கு நேராகத்தான் தெரிகிறது" என்று பதில் வந்தது. லென்ஸ் வழியாக எடுத்து, பக்கத்தில் அளவுகோலும் வைத்து மறுபடி அனுப்பினேன். மூன்று நாள் கழித்து 500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். மாற்றித்தர வேறு சரக்கு இல்லையாம்.

வாங்கலாமா என்று கேட்டால், அலமாரியில் மூடியைத் திறக்காமல் வைப்பவர் தாராளமாக வாங்கலாம். வடிவுக்கும் பூச்சுக்கும் டயருக்கும் ஏழாயிரம் செய்கூலி தரலாம். எஞ்சினைப் பார்க்க ஆசைப்படுபவர் இன்னும் இரண்டு மடங்கு பணம் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொரு குழாயும் தனியாகச் செய்த மாதிரியைத் தேடுவது நல்லது. எது வாங்கினாலும் பெட்டியைப் பிரித்த அன்றே பின்பக்கத்து இரண்டு சின்னங்களையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

நேற்று மதியம் நான் வங்கிக்குப் போய்த் திரும்புவதற்குள் பெரியவர் அந்த வலது சின்னத்தை நேராக்கிவிட்டார். கம்பி முனையைச் சுடவைத்து இரண்டு நொடி கிட்டக் காட்டினாராம். பசை இளகியதும் சாமணத்தால் திருப்பினாராம். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஜோடி சேர்ந்துவிட்டது. சின்னத்துக்குப் பக்கத்தில் பூச்சு மட்டும் கடுகளவு மங்கியிருந்தது. அதைக் காட்டினேன்.

"பொடி வைப்பதுதான் என் வேலை. மெருகுக்குச் சிவதாபுரம் போ" என்று சொல்லிவிட்டு ஊதுகுழலை எடுத்துக்கொண்டார்.