மூன்று மாதச் சம்பளத்தை முன்கூட்டியே கட்டி 187,500 ரூபாவை இழந்தேன்: இணைய உதவியாளர் வைக்க நினைப்போர் கவனத்திற்கு

நேற்று முன்தினம்தான் பொலிஸில் முறைப்பாடு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிய பிறகு எழுதினால் வெட்கம் வந்து பாதியை மறைத்துவிடுவேன். நான் இழந்த தொகை 187,500 ரூபா. வேலைக்கு ஆள் தேடித் தரும் வெளிநாட்டு இணையத்தளம் ஒன்றின் வழியாக எனக்கு அறிமுகமான ஓர் உதவியாளர் நிறுவனம்தான் அதைக் கொண்டுபோனது. விசாரணை நடப்பதால் இரண்டின் பெயரையும் இங்கே எழுதவில்லை.

மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணிக்குப் போகும் வழியில் நாங்கள் மூன்று அறைகளை வாடகைக்கு விடுகிறோம். சிவனொளிபாதமலைப் பருவகாலம் டிசம்பரில் வரும் உந்துவப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் பௌர்ணமியுடன் முடிந்துவிடும்; எங்கள் வருட வருமானம் ஏறக்குறைய முழுவதும் அந்த மாதங்களுக்குள்தான் வந்தாக வேண்டும். சூரிய உதயம் பார்க்கப் போகிறவர்களை இரவு இரண்டு மணிக்கு எழுப்பி, தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டுக் கண் மூடினால், ஜேர்மனியிலிருந்து யாரோ அறை இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டிருப்பார். பதில் தாமதமானால் அறைப் பதிவுத் தளங்கள் நம்மைப் பட்டியலில் கீழே தள்ளிவிடும். போன வருடம் இரண்டு தளங்களின் நாட்காட்டிகள் ஒத்துப்போகாமல் ஒரே அறையை ஒரே இரவில் இரண்டு குடும்பங்களுக்குக் கொடுத்துத் தலைகுனிந்தேன். ஆகவே, வீட்டிலிருந்தபடியே கணினியில் இந்த வேலைகளைப் பார்க்கும் ஒரு வெர்ச்சுவல் அசிஸ்டன்டை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். அந்த முடிவில் பிழை இருந்ததாக இப்போதும் நான் நினைக்கவில்லை.

நவம்பரில் அந்த இணையத்தளத்தில் விளம்பரம் போட்டேன். வந்த விண்ணப்பங்களில் ஒன்று மட்டும் தமிழில் இருந்தது. கொழும்பிலுள்ள ஒரு நிறுவனத்தில் பயிற்சி பெற்றவர் என்றும், மூன்று மொழியிலும் பதில் எழுதுவார் என்றும் அதில் குறிப்பிட்டிருந்தார்கள். அந்தப் பெண்ணுடன் இணையவழி நேர்முகம் வைத்தபோது கமரா பழுதாகிவிட்டது என்றார். குரலை மட்டும்தான் கேட்டேன். நான் இடத்தைச் சொன்னதும் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அண்ணா, எங்க அம்மாவும் அந்தப் பக்கத்துத் தோட்டத்திலதான் கொழுந்து எடுத்தாங்க, நான் லயத்தில வளர்ந்த பிள்ளைதான்" என்றார். லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. அந்த ஒரு வார்த்தையோடு என் கேள்விகள் எல்லாம் அடைபட்டுப் போயின. அடையாள அட்டையின் பிரதியைக் கேட்க வேண்டும் என்று கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். நம் பிள்ளையிடம் போய் அதைக் கேட்பதா என்று கூச்சப்பட்டு அந்த வரியை நானே வெட்டினேன். வெட்டிய கொப்பி இப்போதும் மேசையில் கிடக்கிறது.

முதல் இரண்டு வாரம் வேலை குறை சொல்ல முடியாதபடி நடந்தது. நாட்காட்டிகளை ஒன்றோடொன்று இணைத்தார், விருந்தினர்களுக்கு நிமிடக் கணக்கில் பதில் போனது, அறைகளைப் பற்றி அழகான ஆங்கிலத்தில் எழுதினார். அதுவரை பணம் இணையத்தளத்தின் பொறுப்பில் இருந்து, வேலை முடிந்தது என்று நான் ஒப்புக்கொண்ட பிறகே அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அப்போதுதான் நிறுவனத்தின் முகாமையாளர் என்று ஒருவர் வட்ஸ்அப்பில் பேசினார். தளம் தரகு பிடிப்பதால் இரு பக்கமும் நட்டம் என்றும், நேரடியாக வங்கியில் கட்டினால் மாதம் 50,000 ரூபாவை 45,000 ஆகக் குறைப்பதாகவும், ஆனால் பருவகாலத்தில் ஆளை வேறு எவருக்கும் கொடுக்காமல் இருக்க மூன்று மாதத்தை ஒன்றாகக் கட்ட வேண்டும் என்றும் சொன்னார். 135,000 ரூபாவை அன்றே கட்டினேன். முகநூல் விளம்பரத்துக்கு என்று அடுத்த வாரம் 28,500 ரூபா கேட்டார்கள்; அதையும் கட்டினேன். செலவழித்ததற்கு ஆதாரமாக ஒரு பற்றுச்சீட்டின் படம் வந்தது. அதன் கீழ்மூலையில் இருந்த திகதி முந்தைய வருடத்துக்குரியது என்பதை, எல்லாம் முடிந்த பிறகுதான் பெரிதாக்கிப் பார்த்தேன்.

என் அம்மா இன்னும் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். ஒரு நாள் சம்பளத்தைக் கணக்கில் பதிவதைத் தோட்டத்தில் பேர் போடுவது என்போம். கொழுந்தை நிறுக்காமல் எந்தக் கணக்கப்பிள்ளையும் பேர் போட மாட்டார், நிறை குறைந்தால் அரைப்பேர்தான் என்று கேட்டு வளர்ந்தவன், ஒரு கிலோவும் நிறுக்காமல் மூன்று மாதப் பேரைப் போட்டுவிட்டேன். 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தில் கணக்குப் பார்த்தால் 187,500 ரூபா என்பது அம்மாவுக்கு 139 நாள் வேலை. அம்மாவிடம் முழுத் தொகையை இன்னும் சொல்லவில்லை.

மிகுதி 24,000 ரூபாவின் கதை இன்னும் கேவலமானது. விளம்பரம் போடுவதற்கு முகநூல் பக்கத்தின் முழு அதிகாரமும் தேவை என்று அந்தப் பெண் கேட்டார், கொடுத்தேன். விளம்பரத்துக்கும் செய்திகளுக்கும் மட்டும் தனித்தனியாக அனுமதி கொடுக்க முடியும் என்பதும், முழு அதிகாரம் பெற்றவர் நம்மையே பக்கத்திலிருந்து நீக்கிவிடலாம் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. ஜனவரி இரண்டாம் வாரம் ஒரு மழை இரவில், பத்து மணிக்கு மேல், வவுனியாவிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. ஒன்பது பேர், அதில் நடக்கச் சிரமப்படும் ஒரு பாட்டி. அறைகள் நிறைந்துவிட்டன என்றேன். வேனில் வந்த ஐயா பொலித்தீன் உறைக்குள்ளிருந்து வங்கிச் சிட்டையை எடுத்து என் டோர்ச் வெளிச்சத்தில் பிடித்தார். "உங்கட பேஜில தந்த நம்பருக்குத்தானே தம்பி ஆறாயிரம் போட்டனாங்கள்" என்றார். குறிப்புப் பகுதியில் எங்கள் விடுதியின் பெயர் இருந்தது. கணக்கு இலக்கம் நான் ஒரு நாளும் கண்டிராதது. பக்கத்தை என்னிடமிருந்து பறித்து, அதில் தங்கள் இலக்கத்தைப் போட்டு முற்பணம் வாங்கியிருக்கிறார்கள். அவர்களை எங்கள் கூடத்தில் படுக்க வைத்தோம். மனைவி அந்த நேரத்தில் ரொட்டி சுட்டுக் கொடுத்தார். இதேபோல் மொத்தம் நான்கு குடும்பங்கள் வந்துவிட்டன. நால்வரின் முற்பணத்தையும் நானே ஏற்றுக்கொண்டேன்.

அன்றிரவே அந்தப் பெண்ணுக்கு அழைப்பு எடுத்தேன், தொலைபேசி நிறுத்தப்பட்டிருந்தது. முகாமையாளர் மறுநாள் "சேர் மீட்டிங்கில் இருக்கிறார்" என்று தன்னைப் பற்றியே வேறு குரலில் சொன்னார், அல்லது அப்படித்தான் எனக்குக் கேட்டது. அதற்கடுத்த நாள் "அந்தப் பிள்ளை வேலையை விட்டுட்டா, நாங்க பொறுப்பில்ல" என்று ஒரு வரி வந்தது. பிறகு நான் அனுப்பியவற்றுக்கு நீலக்குறி விழுந்ததே தவிரப் பதில் இல்லை. ஆள் தேடித் தந்த இணையத்தளத்துக்கு எழுதினேன். ஐந்தே நிமிடத்தில் என் பெயரைச் சொல்லி, என் மனவருத்தத்தைப் புரிந்துகொள்வதாகப் பதில் வந்தது. தளத்துக்கு வெளியே கொடுத்த பணத்துக்குப் பாதுகாப்பு இல்லையாம். இரண்டாவது முறை எழுதியபோது, வெளியே பணம் கட்டி விதியை மீறியதற்காக என் கணக்கு முடக்கப்படலாம் என்று எனக்கே எச்சரிக்கை! வங்கியிலோ, "நீங்களே விரும்பி அனுப்பின காசுதானே" என்று சொல்லி, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியைக் கொண்டுவரச் சொன்னார்கள்.

பொலிஸில் முறைப்பாட்டை எழுதியவர் மரியாதையாகத்தான் நடத்தினார். ஆனால் "அந்தப் பெண்ணின் முழுப் பெயர் என்ன?" என்று அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தபோது, என்னிடம் இருந்தது ஒரு செல்லப் பெயரும் ஒரு வட்டப் படமும் மட்டுமே. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் வரக்கூடிய விடயம் என்பதால் கணினிக் குற்ற விசாரணைப் பிரிவுக்கும் எழுதச் சொன்னார். இன்றிரவு எழுத வேண்டும்.

ஆள் வைப்பதற்கு முன் கவனிக்க வேண்டியவற்றை வரிசையாக எழுதலாம் என்றுதான் தொடங்கினேன். இப்போது மனம் ஓடவில்லை. அவசரத்துக்குச் சில மட்டும். தளத்துக்கு வெளியே ஒரு சதமும் கட்டாதீர்கள், எவ்வளவு கழிவு தந்தாலும் சரி. அடையாள அட்டையைக் கேளுங்கள், முகத்தைப் பாருங்கள். கமரா பழுது என்றால் திருத்திய பிறகு பேசலாம் என்று சொல்லுங்கள். கடவுச்சொல்லையோ முழு அதிகாரத்தையோ கொடுக்காதீர்கள். உங்கள் பக்கத்திலுள்ள தொலைபேசி இலக்கத்தை வாரம் ஒரு முறையாவது வேறொருவரின் தொலைபேசியில் திறந்து பாருங்கள். பக்கம் பறிபோனால், கணினி அவசர உதவி அமைப்பான ஸ்ரீலங்கா சேர்ட்டின் (Sri Lanka CERT) 101 இலக்கத்துக்கு உடனே அழையுங்கள்.

எங்கள் பழைய பக்கம் இன்னும் என் கைக்குத் திரும்பவில்லை. அதில் அவர்களின் இலக்கம்தான் இப்போதும் நிற்கிறது. ஆகவே 187,500 ரூபா என்பது இன்றுவரைக்கான கணக்கு மட்டுமே. கீழே வளைவில் ஒரு வேன் கியர் மாற்றும் சத்தம் கேட்கிறது. இன்று எங்களிடம் எவரும் பதிவு செய்யவில்லை.