பாளையங்கோட்டையில் ஒரு நாள் வேதவாசிப்புத் தியானம்

பாளையங்கோட்டையில் உள்ள ஒரு தியான இல்லத்தில் மாதந்தோறும் நடக்கும் வேதவாசிப்புத் தியானத்துக்கு, அம்மா இறந்த நான்காம் மாதம் சென்றுவந்தேன். காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை. மதியச் சாப்பாட்டோடு 300 ரூபாய். துக்கம் விசாரிக்க வந்தவர்களெல்லாம் "கர்த்தருடைய சித்தம்" என்று சொல்லிக் காபி குடித்துப் போனபின், அழுவதே அவிசுவாசமோ என்ற உறுத்தல் எனக்குள் மிஞ்சியிருந்தது.

வாசிப்பு, தியானம், ஜெபம், இறைவனில் அமர்ந்திருத்தல் என்று 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குய்கோ என்ற கார்த்தூசிய (கத்தோலிக்கத் துறவற சபை ஒன்று) துறவி வகுத்த நான்கு படிகளையே இங்கே கையாளுகிறார்கள். முன்னுரை ஐந்தே நிமிடம். பிறகு வேதாகமத்தின் ஜெபப் பாடல்களான சங்கீதங்களில் 56ஆம் சங்கீதத்தின் 8ஆம் வசனத்தை மட்டும், நீண்ட மௌனம் விட்டு மூன்று முறை வாசித்தார்கள். "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்" என்பதைச் சிறுவயதிலிருந்தே கேட்டிருந்தும், எனக்கு எங்கள் ஊர்க் கொல்லுப்பட்டறைத் துருத்திதான் நினைவுக்கு வரும். அருகிலிருந்த கத்தோலிக்கப் பெரியவர் தம் புத்தகத்தில் "தோற்பை" என்றிருப்பதை விரல் வைத்துக் காட்டிய பிறகே, வழிப்பயணி தண்ணீர் சிந்தாமல் கட்டிவைக்கும் தோல்பை அது என்று விளங்கியது. அப்படிச் சேர்த்துவைக்கத் தக்கதா என் அழுகை என்று யோசித்துக்கொண்டிருக்கையில், ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மாவின் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்ற இரவு தானாகவே திரும்பி வந்தது. யாரும் "அழாதீங்க" என்று சொல்லாததால், அதை முதல் முறையாக விலக்காமல் பார்த்திருந்தேன். அந்த ஒரு மணி நேரத்துக்கே கட்டணம் தகும்.

சாப்பாடு சுமார், ரசம் மட்டும் நன்றாக இருந்தது. பிரதியெடுத்துத் தந்த தாளில் எழுத்து மிகப் பொடி, ஆகவே சொந்த வேதாகமத்தைக் கொண்டுபோவது நல்லது.

என் குறை பிற்பகலைப் பற்றியது. எடுத்துக்கொண்டது 88ஆம் சங்கீதம். ஆறுதல் எதுவும் இல்லாமல், எபிரெய மூலத்தில் "இருள்" என்ற சொல்லோடு முடிவது. சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்களாக இருந்தும் ஞாயிறு ஆராதனையில் அவை அபூர்வமாகவே காதில் விழுகின்றன என்பதால், இதற்காகவே காத்திருந்தேன். ஆனால் கடைசி வசனம் முடிந்த மறுகணமே நடத்துநர் ஸ்தோத்திரப் பாட்டு ஒன்றைத் தொடங்கிவிட்டார். இருளில் முடிவதை அப்படியே விட்டுவைக்க அவருக்கு மனம் வரவில்லை போலும். துக்க வீட்டுக் காபி மறுபடியும் கைக்கு வந்தது போலிருந்தது.

காலை அமர்வுக்கு மட்டும் வரலாமா என்று கேட்டேன். வரலாம், கட்டணத்தில் குறைவில்லை என்றார்கள். அடுத்த மாதத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன்.