லேலோங்கில் கச்சேரி டிக்கெட்: எதற்கு விலை கேட்கலாம், எதை விட்டுவிடலாம்

சுங்கை சிப்புட் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒருவர் "லேலோங், லேலோங்" (மலாயில் ஏலம்) என்று கூவினால் விலை இறங்கப் போகிறது என்று அர்த்தம். இணைய ஏலத்தில் அதே சொல்லுக்கு விலை ஏறப் போகிறது என்று அர்த்தம். புக்கிட் ஜாலில் கச்சேரிக்கு டிக்கெட் தீர்ந்துபோய், ஈபே மாதிரித் தளங்களில் துழாவுகிறவர்களுக்காக இந்த மதிப்பீடு.

சேவை என்று பார்த்தால் ஏலம் மோசமில்லை. அந்தக் காலப் புடுராயா பேருந்து நிலையத்தில் கையைப் பிடித்து இழுத்த உலாட் ஆள்களை, அதாவது கள்ள டிக்கெட் தரகர்களைவிட எவ்வளவோ மேல். யார் எப்போது எவ்வளவு ஏற்றினார்கள் என்ற வரலாறாவது கண்ணில் படும். கோளாறு டிக்கெட்டில்தான் இருக்கிறது. ஏலத்தில் வென்றவருக்கு ஸ்டேடியம் கேட் திறக்க வேண்டும் என்று சட்டம் ஏதுமில்லை. "பிறருக்கு மாற்ற முடியாது, மறுவிற்பனை செய்தால் செல்லாது" என்ற வரி ஏற்பாட்டாளரின் நிபந்தனைகளில் இருந்தால், ஏலத் தளம் அனுமதித்ததால் ஒரு பயனும் இல்லை. டிக்கெட்டில் பெயர் இருந்து, கேட்டில் ஐசியும் (அடையாள அட்டையும்) கேட்பார்கள் என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பிடிஎஃப் டிக்கெட் அடுத்த வில்லங்கம். ஒரே கியூஆரைப் பத்துப் பேருக்கு அனுப்பலாம். முதலில் ஸ்கேன் ஆகிறவர் உள்ளே, மீதி ஒன்பது பேர் வெளியே. விற்பவர் போட்ட படத்தில் கியூஆர் மறைக்கப்படாமல் தெரிந்தால் அதையும் வாங்காதீர்கள். விற்பவர் நல்லவராகவே இருக்கலாம், படத்தைப் பார்த்த எல்லாரும் அப்படி இருக்க மாட்டார்கள். செயலி வழியாக ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு முறைப்படி மாற்றித் தரும் டிக்கெட்தான் உருப்படி. அப்படி மாற்றும்போது விற்றவர் கையில் இருக்கும் பழைய குறியீடு செத்துப்போகும்.

இனி ஏலத்தின் உள்வேலை. ஈபேயில் உங்கள் உச்சத் தொகையைப் போட்டுவிட்டால், அடுத்தவரை ஒரு படி தாண்டும் அளவுக்கு மட்டும் தளம் ஏற்றிக்கொண்டே போகும். 100 டாலரிலிருந்து 250 வரை ஒரு படி 2.50 டாலர், 250-லிருந்து 500 வரை 5 டாலர். நீங்கள் 300 போட்டிருக்கிறீர்கள், உண்மையான போட்டியாளர் 180-இல் நிற்கிறார் என்றால் விலை 182.50. இப்போது விற்பவரின் கூட்டாளி 310 போடுகிறார். விலை 305-க்குத் தாவுகிறது, உங்கள் உச்சம் 300 என்பது அம்பலம். "தொகையைத் தப்பாகத் தட்டிவிட்டேன்" என்று அவர் அதைத் திரும்பப் பெறுகிறார். விலை பழையபடி 182.50. கொஞ்ச நேரத்தில் வேறொரு கணக்கிலிருந்து 295 வருகிறது. நீங்கள் 300 கட்டி ஜெயிக்கிறீர்கள். 117.50 டாலர் சும்மா போயிற்று. ஆள் வைத்து ஏற்றுவதைத் தளம் தடை செய்திருக்கிறது. ஆனால் திரும்பப் பெறும் வசதி விதியிலேயே இருப்பதால் கையும் களவுமாகப் பிடிப்பது கஷ்டம்.

மருந்து ஒன்றுதான்: கடைசி பத்து விநாடியில் போடுங்கள். கடைசி 12 மணி நேரத்தில் போட்டதை ஒரு மணி நேரத்துக்குள் திரும்பப் பெறலாம் என்றாலும், அதற்கெல்லாம் அவர்களுக்கு நேரம் இருக்காது. அமெரிக்கத் தளத்தின் மணி மேற்குக் கரை நேரம். நம் மலேசிய நேரம் அதற்கு 15 அல்லது 16 மணி நேரம் முந்தியது. அங்கே மாலை ஏலம் முடியும்போது இங்கே மறுநாள் காலைப் பசியாறல் நேரம். அலாரம் வைக்காதவர் கோட்டை விடுவார்.

தோற்றவருக்கு "இரண்டாம் வாய்ப்பு" என்று ஓர் அழைப்பு வரலாம். நீங்கள் போட்ட உச்சத் தொகைக்கே தருவார்கள். விற்பவரிடம் நாலு டிக்கெட் இருந்தால் இது நியாயம். ஒன்றே ஒன்று என்று எழுதியிருந்து, ஜெயித்தவர் "பின்வாங்கிவிட்டார்" என்றால் சந்தேகப்படுங்கள். அழைப்பு தளத்தின் உள்பெட்டியில் இல்லாமல் வாட்ஸ்அப்பில் வந்தால் சந்தேகமே வேண்டாம், மோசடிதான்.

விதியைச் சுற்றிப் போகும் பழைய வித்தை, "பேனா விற்பனைக்கு, டிக்கெட் இலவசம்". அப்புறம் புகார் செய்தால், பேனா வந்துவிட்டதே என்பார்கள். இங்கிலாந்து கால்பந்து டிக்கெட்டுக்கு இந்தச் சால்ஜாப்பெல்லாம் எடுபடாது. அங்கே 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 166-ஆவது பிரிவுப்படி, அனுமதியில்லாமல் அச்சிட்ட விலைக்கே விற்றாலும் குற்றம். லிவர்பூல் ஆட்டம் பார்க்கத் தோட்டத்துப் பிள்ளைகள் சீட்டுப் பிடித்துக் காசு சேர்க்கிறார்கள் என்றால், ஏலத்தில் எடுத்த டிக்கெட்டை நம்பி விமானம் ஏற்றாதீர்கள்.

அதிகம் பேர் கவனிக்காத ஓட்டை காலக்கெடு. ஈபே பணத் திருப்ப உத்தரவாதம், பொருள் வந்துசேர வேண்டிய நாளிலிருந்து 30 நாள்தான். கச்சேரி நாலு மாதம் கழித்து என்றால், டிக்கெட் போலி என்று கேட்டில் தெரியும்போது அது காலாவதி. பேபாலில் புகார் செய்ய 180 நாள் உண்டு. ஆனால் நண்பர்களுக்கு அனுப்பும் வகையில் கட்டியிருந்தால் அந்தப் பாதுகாப்பும் கிடையாது.

உள்ளூரில் நேரடியாக யாருக்காவது கட்டுவதென்றால், முதலில் மோசடிக் கணக்குகளைச் சரிபார்க்கும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் அந்த பேங்க் கணக்கு எண்ணைத் தட்டிப் பாருங்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி 50,000 ரிங்கிட் வரை கோரலாம். அது வியாபாரம் செய்கிறவர் மீதுதான் பாயும். உலாட் எல்லாம் "எனக்குப் போக முடியவில்லை, அதனால் விற்கிறேன்" என்று எழுதுவது சும்மா இல்லை. பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள்; பிறகு பாலாயில் (போலீஸ் நிலையத்தில்) ரிப்போர்ட். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் காசு நாலு கணக்கு தாண்டியிருக்கும்.

கணக்கு மாற்றம் உள்ள டிக்கெட், ஒரு மாதத்துக்குள் நிகழ்ச்சி, வரிசையும் இருக்கை எண்ணும் எழுதிய விளம்பரம்: இந்த மூன்றும் இருந்தால் ஐந்துக்கு நாலு நட்சத்திரம். ஒன்று குறைந்தாலும் இரண்டுதான்.