எந்தக் குழுவில் போய் உட்காருவது? சுயகாயத்துக்கான குழு சிகிச்சைகளும் ஆதரவுக் குழுக்களும்

பல வருடங்களாக யாருக்கும் தெரியாமல் வைத்திருந்த ஒன்றை, ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் முதன்முதலாகச் சொல்வது லேசான காரியம் இல்லை. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் ஒருவர் குழுவுக்குப் போகலாம் என்று முடிவெடுக்கவே மாதக்கணக்கில் ஆகலாம். அப்படிக் கிளம்பிப் போன இடம் பொருந்தாவிட்டால், "எனக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது" என்று அத்தோடு விட்டுவிடுவார்கள். சரிப்பட்டு வராதது அந்த ஒரு குழு மட்டும்தான் என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இருக்காது. குழு என்ற ஒரே பெயரில் நாலைந்து வெவ்வேறு விஷயங்கள் நடக்கின்றன. அவற்றை அருகருகே வைத்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இப்போது இருந்தாலோ, காயத்துக்கு மருத்துவம் தேவைப்பட்டாலோ, குழு தேடும் வேலையை ஒத்திப் போடுங்கள். அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், நெருக்கடி உதவி எண்ணை அழையுங்கள், நம்பிக்கையான ஒருவரைக் கூடவே இருக்கச் சொல்லுங்கள். குழு வாரத்தில் ஒரு நாள் கூடுவது. அந்த இரவைத் தாண்ட அது போதாது.

வகுப்பறை போன்ற குழு, பேச்சே சிகிச்சையான குழு

இந்த விஷயத்தில் முதலில் காதில் விழும் பெயர் டி.பி.டி., அதாவது டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கியது. முதல் ஒப்பீட்டு ஆய்வு 1991-இல் வெளியானது. இளம் வயதில் தானும் தன்னைக் காயப்படுத்திக்கொண்டு மருத்துவமனையில் இருந்ததை 2011-இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். அந்த இருட்டில் இருந்து மீண்ட ஒருவர் வகுத்த பாடம் இது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முழு டி.பி.டி.யில் வாரம் ஒரு முறை தெரபிஸ்டுடன் தனியாக ஒரு சந்திப்பு, வாரம் ஒரு முறை குழு, இடையில் தடுமாறும்போது தொலைபேசியில் உதவி, மூன்றும் உண்டு. பொதுவாக ஒரு வருடம் நடக்கும். அந்தக் குழுவுக்குள் போனால் வகுப்பறை மாதிரி இருக்கும். இரண்டு, இரண்டரை மணி நேரம். வீட்டுப்பாடமும் உண்டு. மனத்தை இந்தக் கணத்தில் நிறுத்துவது, தாங்க முடியாத நேரத்தை மேலும் மோசமாக்காமல் கடப்பது, உணர்ச்சிகளைக் கையாள்வது, கேட்க வேண்டியதைக் கேட்டு மறுக்க வேண்டியதை மறுப்பது என்று நான்கு வகைத் திறன்களைச் சொல்லித் தருகிறார்கள்.

யார் எப்படிக் காயப்படுத்திக்கொண்டார்கள் என்ற பேச்சுக்கு அங்கே இடம் கிடையாது. அது தனிச் சந்திப்புக்கு உரியது. கொட்டித் தீர்க்கலாம் என்று வருகிறவர்களுக்கு இது பெரிய ஏமாற்றமாக இருக்கும். ஆனால் டி.பி.டி. குழுவில் நான் மிகவும் மதிப்பது இந்த விதியைத்தான். ஒருவர் விவரமாகச் சொல்வது, கேட்டுக்கொண்டிருக்கும் இன்னொருவருக்குள் அதே உந்துதலைக் கிளப்பிவிடும். இளம் வயதினரிடையே இப்படித் தொற்றுவது நன்றாகத் தெரிந்த விஷயம்.

சரி, குழு உண்மையில் உதவுகிறதா, தனிச் சந்திப்பே போதாதா? லினஹன் குழுவினர் 99 பெண்களிடம் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வு, முழு டி.பி.டி., திறன் குழு மட்டும், தனிச் சந்திப்பு மட்டும் என்று மூன்று பிரிவாக இதைத்தான் பிரித்துப் பார்த்தது. திறன் குழு இருந்த இரண்டு பிரிவுகளிலும், அது இல்லாத பிரிவைவிடச் சுயகாயம் நன்றாகக் குறைந்தது. முழு டி.பி.டி. கிடைக்காமல் திறன் குழு மட்டும் கிடைக்கிறவர்கள் அதை இரண்டாந்தரம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: அந்த ஆய்வில் குழுவுக்கு மட்டும் போனவர்களுக்கும் தேவையான உதவிகளை ஒருங்கிணைத்துத் தரும் ஒரு பணியாளர் பக்கத்தில் இருந்தார்.

இதற்கு நேர் எதிர்த்திசையில் இருப்பது எம்.பி.டி., அதாவது மென்டலைசேஷன் பேஸ்டு ட்ரீட்மென்ட். ஆண்டனி பேட்மன், பீட்டர் ஃபோனகி இருவரும் உருவாக்கிய இந்தச் சிகிச்சையில் பாடமும் வீட்டுப்பாடமும் பெரிதாக இல்லை. தன் மனத்திலும் எதிரில் இருப்பவர் மனத்திலும் என்ன ஓடுகிறது என்று நின்று யோசிக்கப் பழகுவதுதான் வேலை. "நான் பேசும்போது நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள், என் மேல் கோபமா?" என்று ஒருவர் கேட்பார். அந்தக் கேள்வியை வைத்தே அரை மணி நேரம் போகும். பதினெட்டு மாதங்கள், வாரம் ஒரு தனிச் சந்திப்பு, ஒரு குழு. 134 பேரிடம் நடந்து 2009-இல் வெளிவந்த ஆய்வில், ஒழுங்காகத் திட்டமிட்ட வழக்கமான சிகிச்சையைவிட எம்.பி.டி.யில் சுயகாயமும் தற்கொலை முயற்சிகளும் வேகமாகக் குறைந்தன. டி.பி.டி., எம்.பி.டி. இரண்டுமே, உணர்ச்சிகளும் உறவுகளும் நிலைகொள்ளாமல் அலைக்கழிக்கும் ஒருவகை ஆளுமைச் சிக்கல் (பார்டர்லைன்) கண்டறியப்பட்டவர்களை மனதில் வைத்து முதலில் வந்தவை என்பதால், சில இடங்களில் அந்த நோயறிதல் இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டில் எது? உந்துதல் தலைக்கேறும் அந்த நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவருக்கு டி.பி.டி. ஒவ்வொரு முறையும் ஒரு சண்டைக்குப் பிறகு, ஒரு பதில் வராத குறுஞ்செய்திக்குப் பிறகு என்று உறவுகளில்தான் அடி விழுகிறது என்றால் எம்.பி.டி. இரண்டும் கிடைக்கும் என்றால் நான் டி.பி.டி.யை முதலில் சொல்வேன். முதல் சில வாரங்களிலேயே கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது கொடுக்கிறது.

ஒரு வருடம் முடியாது என்பவர்களுக்கு உளவியலாளர் கிம் கிராட்ஸ் உருவாக்கிய, உணர்ச்சிகளைக் கையாளப் பழக்கும் குழு உண்டு. 14 வாரங்கள், வாரம் ஒன்றரை மணி நேரம், ஏற்கனவே நடக்கும் தனிச் சிகிச்சையோடு சேர்த்து. 61 பெண்களிடம் நடந்த 2014-ஆம் ஆண்டு ஆய்வில் சுயகாயம் குறைந்தது. உணர்ச்சிகளைக் கையாளச் சொல்லித் தரும், 20 வாரம் நடக்கும் ஸ்டெப்ஸ் என்ற குழுத் திட்டத்தையும் பலர் பரிந்துரைக்கிறார்கள். மனநிலை தேற அது உதவுகிறது. ஆனால் 2008-இல் வந்த அதன் ஒப்பீட்டு ஆய்வில் சுயகாயத்தில் வித்தியாசம் தெரியவில்லை. சுயகாயம்தான் முதல் கவலை என்றால் கிராட்ஸ் குழுவே என் தேர்வு.

பதின்வயதுப் பிள்ளைக்கு

பெற்றோருக்கு இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். 63 பிள்ளைகளிடம் நடந்து 2001-இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில் குழு சிகிச்சை நல்ல பலன் தந்தது. எல்லோரும் நம்பினார்கள். பிறகு ஆஸ்திரேலியாவில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. 366 பிள்ளைகளோடு இங்கிலாந்தில் நடந்து 2011-இல் வெளிவந்த பெரிய ஆய்விலும், வழக்கமான சிகிச்சையைவிடக் குழு மேல் என்று வரவில்லை. ஒரே துன்பத்தில் இருக்கும் பிள்ளைகளை மட்டும் ஓர் அறையில் உட்காரவைத்தால் போதாது என்றுதான் இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன்.

பதின்வயதினருக்கான டி.பி.டி.யில் குழுவுக்குள் பெற்றோரும் உட்காருகிறார்கள், அதே திறன்களைப் படிக்கிறார்கள். நார்வேயில் 77 பிள்ளைகளிடம் நடந்த ஒப்பீட்டு ஆய்வில், 19 வாரம் இதைப் பெற்ற பிள்ளைகளிடம் சுயகாயம் தெளிவாகக் குறைந்தது. அந்தத் திட்டம் கிடைத்தால் வேலைக்கு விடுப்பு எடுத்தாவது பிள்ளையோடு போய் உட்காருங்கள்.

அனுபவித்தவர்களே நடத்தும் குழு

தெரபிஸ்ட் கிடையாது. இதே வழியில் வந்தவர்கள் கூடிப் பேசுகிறார்கள். பெரும்பாலும் கட்டணம் இருக்காது, நோயறிதலும் கேட்க மாட்டார்கள். ஆய்வுச் சான்று சிகிச்சைக் குழுக்களுக்கு இருக்கும் அளவுக்கு இல்லை. ஆனாலும் இதை நான் குறைத்துப் பேச மாட்டேன். சுற்றி இருப்பவர்கள் அதிர்ச்சி அடையாத, பிரசங்கம் செய்யாத ஓர் அறையில் உட்கார்ந்து "எனக்கும் அப்படித்தான்" என்று கேட்பது தரும் நிம்மதியை எந்தப் பாடத்திட்டமும் தந்துவிட முடியாது. வெட்கம் குறைந்த பிறகுதான் பலர் சிகிச்சைக்கே போகிறார்கள்.

எல்லாக் குழுவும் பாதுகாப்பானதல்ல. காயத்தை விவரிப்பதையும் படம் காட்டுவதையும் அனுமதிக்கிற இடம், யாருடையது பெரிய துன்பம் என்று மறைமுகப் போட்டி நடக்கிற இடம், நடத்துகிறவர் யாரென்றே தெரியாத இடம், இவற்றிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இணையவழிக் குழுக்களில் இதை இரட்டிப்பாகப் பாருங்கள். சிகிச்சைக்குப் பக்கத்தில் இந்தக் குழுவையும் வைத்துக்கொள்ளலாம். சிகிச்சைக்குப் பதிலாக வேண்டாம்.

சேருவதற்கு முன் தொலைபேசியில் கேளுங்கள். காயத்தைப் பற்றிய பேச்சுக்கு இங்கே என்ன விதி? கூட்டம் முடிந்து நான் கலங்கிப்போய்க் கிளம்பினால் யார் பேசுவார்கள்? இடையில் மீண்டும் காயப்படுத்திக்கொண்டால் வெளியே அனுப்பிவிடுவீர்களா? அப்புறம், முதல் நாள் பெயரை மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கலாமா என்றும் கேளுங்கள். தயங்காமல் "தாராளமாக" என்று பதில் வந்தால், நாள் குறித்துக்கொள்ளுங்கள்.