இன்ஜெக்‌ஷனைக் கழற்றிவிட்டு கார்புரேட்டர் மாட்டித் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்

பழைய சின்ன கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பட்டறைக்குப் போங்கள். பெட்ரோலை அளந்து தெளிப்பது இன்ஜெக்‌ஷன், அதற்குக் கட்டளையிடும் கணினிப் பெட்டி ஈசியூ; உள்ளே இழுக்கும் காற்றோடு பெட்ரோலைக் கலந்து அனுப்பும் பழைய பாகம் கார்புரேட்டர். தொண்ணூறுகளில் வந்த, ஒரு லிட்டர் எஞ்சின் கொண்ட இன்ஜெக்‌ஷன் கார் ஒன்றுக்குச் செய்த வேலையைப் பற்றியது இது.

வண்டியில் இருந்த குறை: காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும். சூடேறியதும் ஐட்லிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடுவது) தடுமாறும், சைலன்சரில் கரும்புகை வரும், பெட்ரோல் நாற்றம் அடிக்கும், மைலேஜ் பாதியாகிவிட்டது. எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. பட்டறையில் மீட்டர் எதையும் கையில் எடுக்காமலே, "ஈசியூ போயிடுச்சு, இந்த மாடலுக்கு இனிமே கிடைக்காது, கார்புரேட்டர் போட்டுட்டா இந்தத் தொல்லையே இருக்காது" என்று சொல்லி உரிமையாளரைச் சம்மதிக்க வைத்துவிட்டார்கள். இன்ஜெக்டர், த்ராட்டில் பாடி, ஃபியூயல் ரெயில், ரெகுலேட்டர் (பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது) எல்லாம் கழன்று போயின. அவற்றைத் திருப்பியும் தரவில்லை.

உண்மையான கோளாறு ஒரு கனெக்டரில் இருந்தது. ஈசியூவும் வயரிங்கும் கழற்றப்படாமல் இருந்ததால் பிறகு அளந்து பார்க்க முடிந்தது. எஞ்சின் முழுச் சூட்டில் இருக்கும்போது கூலன்ட் சென்சாரின் (எஞ்சின் குளிர்நீரின் சூட்டை ஈசியூவுக்குச் சொல்வது) பின்களில் நேராக வைத்து அளந்தால் மின்தடை 300 ஓம். 80 டிகிரியில் அந்த வகை சென்சாருக்கு அதுதான் சரியான அளவு. அதே சென்சாரைக் கனெக்டரில் செருகிவிட்டு ஈசியூ முனையில் அளந்தால் 5,300 ஓம். நடுவில் உள்ள 5,000 ஓம் முழுக்கக் கனெக்டரில் பிடித்த பச்சைக் களிம்பு.

அந்தச் சென்சாரில் சூடு ஏற ஏற ஓம் குறையும். 20 டிகிரியில் சுமார் 2,500, பூஜ்ய டிகிரியில் ஐயாயிரத்துச் சொச்சம். ஆகவே எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போது ஈசியூவுக்கு அது உறைநிலையில் இருப்பதாகத் தெரிந்திருக்கிறது. குளிர்ந்த எஞ்சினுக்கு ஊற்றுவதைப் போலவே பெட்ரோலை ஊற்றியிருக்கிறது. காலையில் கூடுதல் பெட்ரோல் தேவை என்பதால் அப்போது குறை தெரியவில்லை. பூஜ்ய டிகிரி என்பது நம்பக்கூடிய அளவுதான் என்பதால் பிழைக் கோடும் (code) பதிவாகவில்லை, விளக்கும் எரியவில்லை. ஈசியூ தனக்கு வந்த தகவலுக்குச் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. கான்டாக்ட் கிளீனரும் சின்ன பிரஷ்ஷும் இருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும் வேலை.

மாற்றிய பிறகு வண்டியில் என்ன ஆனது என்பதுதான் இன்னும் கவலையானது. கார்புரேட்டருக்கு வேண்டிய பெட்ரோல் அழுத்தம் 0.2 முதல் 0.3 பார். மல்டிபாயின்ட் இன்ஜெக்‌ஷன் பம்ப் கொடுப்பது 2.5 முதல் 3 பார், அதாவது பத்து மடங்கு. டாங்கிக்குள் இருந்த அதே பம்பை விட்டுவைத்து, மிச்சப் பெட்ரோலை டாங்கிக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைனையும் போல்ட் அடித்து அடைத்துவிட்டார்கள். கார்புரேட்டரின் ஃப்ளோட் கிண்ணத்துக்குள் பெட்ரோல் வரவை அடைக்கும் நீடில் வால்வு அந்த அழுத்தத்தைத் தாங்காது. பெட்ரோல் நிரம்பி மேனிஃபோல்டில் வழிகிறது, சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஆயில் சம்ப்புக்கு இறங்குகிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறுகிறது, முகர்ந்தால் பெட்ரோல் வாசனை. அந்த நீர்த்த ஆயிலில் ஓட்டினால் முதலில் போவது பேரிங்குகள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிவதால் உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். பிறகு வண்டி மேடு ஏறாது.

இதைவிட ஆபத்தானது பம்பின் வயரிங். இன்ஜெக்‌ஷன் வண்டியில் சாவியைத் திருப்பியதும் பம்ப் இரண்டு மூன்று விநாடி ஓடி நின்றுவிடும். எஞ்சின் சுற்றினால்தான் ஈசியூ அதைத் தொடர்ந்து ஓட விடும். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். இது விபத்து நேரத்துக்கான பாதுகாப்பு. ஈசியூவைத் தவிர்த்து பம்பை நேரே இக்னிஷன் சாவிக்கு இணைத்துவிட்டால், மோதி எஞ்சின் நின்ற பிறகும், ஹோஸ் கிழிந்திருந்தாலும், சாவி போட்டிருக்கும் வரை பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். இதைத் தெரிந்து செய்தாலும் தெரியாமல் செய்தாலும் மன்னிக்க முடியாது.

இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை. பல இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் இக்னிஷன் டைமிங்கும் (ஸ்பார்க் அடிக்கும் நேரம்) ஈசியூவின் கையில்தான் இருக்கிறது. ஸ்பார்க்கை சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் அந்த டிஸ்ட்ரிபியூட்டருக்குள், வேகத்துக்கு ஏற்ப ஸ்பார்க்கை முன்கூட்டி அடிக்க வைக்கும் (அதுதான் அட்வான்ஸ்) எடையும் ஸ்பிரிங்கும் இருக்காது, வேக்யூம் அட்வான்ஸும் இருக்காது. ஈசியூவைப் பிடுங்கினால் டைமிங் ஒரே இடத்தில் நின்றுவிடும். வேகத்தில் இழுக்காது, எஞ்சின் சூடேறும், மைலேஜ் இன்னும் குறையும். "கார்புரேட்டர் செட் ஆகணும், கொஞ்ச நாள் ஓட்டுங்க" என்று அனுப்பிவிடுவார்கள். எத்தனை நாள் ஓட்டினாலும் இல்லாத அட்வான்ஸ் வராது.

ஈசியூ போய்விட்டது என்று யார் சொன்னாலும் இந்த அளவுகளைக் கேளுங்கள். சாவி போட்டதும் எச்சரிக்கை விளக்கு எரிந்து, பம்ப் இரண்டு விநாடி முனகினால் பெரும்பாலான வண்டிகளில் ஈசியூ உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். முனகல் கேட்கவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே, எர்த் மூன்றையும் பார்த்த பிறகே ஈசியூவைச் சந்தேகிக்க வேண்டும். ரிலேயின் உள் ஈயப்பற்று சூட்டில் விரிசல் விட்டு, வெயிலில் மட்டும் ஸ்டார்ட் ஆகாமல் படுத்தும். ஃபியூயல் பிரஷர் கேஜ் மாட்டி அழுத்தம் எத்தனை பார் என்று காட்டச் சொல்லுங்கள். ரெகுலேட்டருக்குப் போகும் வேக்யூம் ஹோஸைப் பிடுங்கினால் உள்ளே பெட்ரோல் ஈரம் இருக்கவே கூடாது. இருந்தால் ரெகுலேட்டரின் டயஃப்ரம் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்திருக்கிறது. கரும்புகைக்கு அதுவும் ஒரு காரணம். 1996-க்கு முந்தைய பல வண்டிகளில் ஸ்கேனர்கூடத் தேவையில்லை: டயக்னாஸ்டிக் கனெக்டரில் குறிப்பிட்ட இரண்டு பின்களை ஒயரால் இணைத்தால் விளக்கு மினுக்கியே பிழைக் கோடு சொல்லும். எந்தப் பின்கள் என்பதை அந்த மாடலின் மேனுவலில் மட்டும் பாருங்கள், தவறாக இணைத்தால் நல்ல ஈசியூவும் போய்விடும்.

கார்புரேட்டர் வண்டிக்காரர்களை வேறு விதமாக ஏமாற்றுகிறார்கள். ஐட்லிங் நிற்கவில்லை என்று போனால் "கார்புரேட்டர் தேய்ஞ்சிடுச்சு, புதுசு போடணும்" என்பார்கள். பெரும்பாலும் காரணம் அடைத்துக்கொண்ட ஸ்லோ ஜெட் (ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் சிறு துளை), அல்லது சாவி போட்டால் 'டிக்' என்று சத்தம் வர வேண்டிய ஐட்லிங் சோலனாய்டு, அல்லது அடியில் உள்ள கேஸ்கட்டில் காற்று இழுப்பது. ஜெட்டைக் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்பவரிடம் கார்புரேட்டரைக் கொடுக்கவே கூடாது. 1.00 மிமீ துளை 1.10 ஆனாலே பரப்பு 21 சதவீதம் கூடிவிடும். அதற்குப் பிறகு எந்த ஸ்க்ரூவைத் திருகியும் மிக்சர் சரிக்கு வராது. கார்புரேட்டர் கிளீனரும் காற்றழுத்தமும் போதும். எண்பதுகளின் சில சின்ன கார்களில் கார்புரேட்டரோடு ஆக்சிஜன் சென்சாரும் சிறு ஈசியூவும் சேர்ந்திருக்கும். அவற்றின் வேக்யூம் ஹோஸ்களை "தேவையில்லாதது" என்று பிடுங்கி அடைத்துவிட்டால் அந்த கார்புரேட்டர் எப்போதும் ஒழுங்காக ஓடாது. ஹோஸ் வரைபடம் பானட்டின் உட்புறத்தில் ஒட்டியிருந்தால் வண்டியை விடும் முன் படம் எடுத்து வையுங்கள்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் பானட்டைத் திறந்ததும் டேப் சுற்றிக் கட்டிய அனாதை கனெக்டர்கள், மேனிஃபோல்டுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே கையால் அறுத்த அலுமினியத் தகடு, அடைத்த ரிட்டர்ன் பைப் இவை கண்ணில் படுகின்றனவா என்று பாருங்கள். சாவியை மட்டும் போட்டுவிட்டுப் பின்சீட்டின் அருகே காது கொடுங்கள். பம்ப் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே உங்கள் வண்டியில் கார்புரேட்டரை மாட்டிவிட்டார்கள் என்றால், மறுபடி ஸ்டார்ட் செய்யும் முன் டிப்ஸ்டிக்கை முகருங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றாமல் எஞ்சினைச் சுற்றவே விடாதீர்கள். அதன் பிறகு 0.2–0.3 பார் கொடுக்கும் கார்புரேட்டர் பம்ப் போட வேண்டும், அல்லது இருக்கும் பம்புக்கு ரிட்டர்ன் வகை ரெகுலேட்டர் போட்டு, அடைத்த ரிட்டர்ன் லைனைத் திறந்துவிட வேண்டும். ரிட்டர்ன் இல்லாத சின்ன ரெகுலேட்டர் மாட்டினால் பம்ப் முட்டிக்கொண்டே ஓடிச் சூடாகி எரிந்துபோகும். பம்பின் மின்சாரம், எஞ்சின் நின்றால் துண்டிக்கும் ரிலே வழியாகத்தான் போக வேண்டும். இக்னிஷன் காயிலின் துடிப்பை வைத்து இயங்கும் ரிலேக்கள் தனியாகக் கிடைக்கின்றன. அதே எஞ்சினின் கார்புரேட்டர் மாடலுக்கு வந்த, அட்வான்ஸ் உள்ள டிஸ்ட்ரிபியூட்டரும் வேண்டும். கழற்றிய இன்ஜெக்‌ஷன் பாகங்கள் இன்னும் பட்டறையிலேயே கிடந்தால் இன்றே போய் வாங்கி வாருங்கள், அவை பழைய இரும்புக்குப் போய்விட்டால் வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது மிகக் கடினம்.