பூட்டிய வலையமைப்பில் மாஸ்டர்கேம் அமைவுக் கோப்புகள்: நேரடிப் பகிர்வா, உள்ளூர் நகலா?

சிஎன்சி (கணினிவழி இயங்கும் வெட்டு இயந்திரம்) புரோகிராமிங் அறையில் நான்கைந்து கணினிகள் இருந்தால், போஸ்ட் புராசஸர் (வெட்டும் பாதையை இயந்திரம் படிக்கும் கோடாக மாற்றுவது, சுருக்கமாக போஸ்ட்), மெஷின் டெஃபனிஷன் (இயந்திரத்தின் விவரம்), கண்ட்ரோல் டெஃபனிஷன் (அதன் கட்டுப்பாட்டுக் கருவியின் விவரம்), டூல் லைப்ரரி (வெட்டுக்கருவிகளின் பட்டியல்) ஆகியவை அவை அனைத்திலும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இராது. எந்த வழியில் அப்படி வைத்திருப்பது என்பதில்தான் பணிமனைக்குப் பணிமனை வழக்கம் மாறுகிறது. இணையம் மூடப்பட்டு, யுஎஸ்பி துளைகள் அடைக்கப்பட்டு, அட்மின் உரிமை ஐடி பிரிவின் கையில் மட்டும் இருக்கும் நிறுவனங்களில் இந்தக் கேள்விக்கு விடை காண்பது இன்னும் கடினம். அத்தகைய நிறுவனத்தை மனத்தில் வைத்து, இத்தகைய நிரல்களை உருவாக்கும் மென்பொருளான மாஸ்டர்கேமை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு, வழக்கில் உள்ள வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: மூலக் கோப்புகள் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், ஆனால் எந்தக் கணினியும் அந்த மூலத்தைத் திறந்து வைத்து அதன் மேலேயே வேலை செய்யக் கூடாது.

எந்தக் கோப்பு எப்போது படிக்கப்படுகிறது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் வழிகளை ஒப்பிடுவதில் பொருளில்லை. மாஸ்டர்கேமில் ஒரு பாகத்துக்கு மெஷின் குரூப் (ஓர் இயந்திரத்துக்கான வேலைகளின் தொகுப்பு) உருவாக்கும்போது, மெஷின் டெஃபனிஷனின் ஒரு நகல் அந்தப் பாகக் கோப்புக்குள்ளேயே சேர்ந்துவிடுகிறது. பின்னால் சர்வரில் உள்ள டெஃபனிஷனைத் திருத்தினாலும், பழைய பாகக் கோப்பில் உள்ள நகல் தானாக மாறுவதில்லை. மெஷின் குரூப்பின் பண்புகளுக்குச் சென்று நாமே மாற்றிப் போட வேண்டும். டூல் லைப்ரரியிலிருந்து எடுத்துப் போட்ட எண்ட்மில் என்ற வெட்டுக்கருவியும் அப்படித்தான்: எடுத்த நாளில் லைப்ரரியில் இருந்த அளவுகளே பாகக் கோப்பில் தங்கிவிடும்.

போஸ்ட் அப்படிப்பட்டதல்ல. என்சி கோடு (இயந்திரத்துக்கான கட்டளைகள்) எழுதப்படும் நேரத்தில் அந்தக் கணினிக்கு எந்தப் பிஎஸ்டி கோப்பு (போஸ்ட்டின் கோப்பு) அகப்படுகிறதோ, அதன்படியே கோடு பிறக்கிறது. ஒரு கணினியில் புதிய போஸ்ட், பக்கத்துக் கணினியில் ஆறு மாதப் பழைய போஸ்ட் என்று இருந்தால், ஒரே பாகக் கோப்பிலிருந்து இரண்டு விதமான கோடு வெளிவரும். ஒன்றில் டூல் மாற்றத்துக்கு முன் இசட் அச்சு முழுவதும் மேலே போகும், மற்றொன்றில் போகாது. திரையில் டூல்பாத் (கருவி செல்லும் பாதை) இரண்டுக்கும் ஒன்றாகவே தெரியும் என்பதால், அந்த வேறுபாடு விஎம்சி என்ற வெட்டு இயந்திரத்தின் முன்னால் நிற்கும் ஆபரேட்டருக்குத்தான் முதலில் தெரியவரும். கோப்புப் பகிர்வை வெறும் வசதிப் பிரச்சினையாக நான் பார்க்காததற்கு இதுதான் காரணம்.

ஷேர்டு ஃபோல்டரிலிருந்தே நேரடியாக ஓட்டுவது

பெரும்பாலோர் முதலில் நினைப்பது இதைத்தான். மாஸ்டர்கேம் நிறுவப்படும்போது பொது ஆவணங்களின் கீழ் ஒரு பகிர்வுக் கோப்புறை உருவாகிறது. சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் உள்ள கோப்புகள் பக்கத்துக்குச் சென்று, ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் உரிய பாதையைச் சர்வருக்குத் திருப்பிவிட்டால் வேலை முடிந்தது. போஸ்ட்டில் ஒரு வரியைத் திருத்தினால் அந்தக் கணமே எல்லோருக்கும் போய்ச் சேரும், எந்தக் கணினியில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்ற கேள்வியே எழாது. இந்த நன்மை சிறியதன்று. சீமென்ஸ் என்எக்ஸ் போன்ற மென்பொருள்களில், ரிசோர்ஸ் கோப்புறை இருக்கும் இடத்தைச் சூழல் மாறி (விண்டோஸில் பதிந்து வைக்கும் ஓர் அமைப்பு மதிப்பு) ஒன்றில் குறிப்பிட்டுவிட்டாலே போதும். பெரிய நிறுவனங்கள் அப்படி மையத்திலிருந்து இயங்குவதற்கென்றே அது வடிவமைக்கப்பட்டுள்ளது.

ஆனால் திருத்தம் அந்தக் கணமே போய்ச் சேருகிறது என்றால், பாதி எழுதிய திருத்தமும் அந்தக் கணமே போய்ச் சேருகிறது. ஒருவர் போஸ்ட்டைச் சோதித்துக்கொண்டிருக்கும்போது மற்றொருவர் அவசர வேலைக்குக் கோடு எடுத்தால், சோதனையில் இருக்கும் போஸ்ட்டின் கோடு இயந்திரத்துக்குப் போய்விடும். எழுதும் உரிமையை ஒருவரிடம் மட்டும் வைத்தாலும் இது தீராது, ஏனெனில் அந்த ஒருவர் திருத்துவதும் உயிரோட்டமாக உள்ள கோப்பைத்தான்.

டூல் லைப்ரரியில் சிக்கல் வேறு மாதிரி வருகிறது. டூல்டிபி என்ற கோப்பு உள்ளே எஸ்க்யூலைட் என்ற, ஒரே கோப்பில் அடங்கும் தரவுத்தளம். பல வலையமைப்புக் கோப்பமைப்புகளில், ஒரே நேரத்தில் இருவர் எழுதாமல் தடுக்கும் பூட்டு முறை நம்பத்தக்கதாக இல்லை என்றும், வலையமைப்பின் வழியே பல கணினிகள் ஒரே தரவுத்தளக் கோப்பைத் திறந்து எழுதும் பயன்பாட்டுக்கு எஸ்க்யூலைட் ஏற்றதன்று என்றும் அதை உருவாக்கியவர்களே தங்கள் ஆவணத்தில் எச்சரிக்கிறார்கள். நான்கு புரோகிராமர்கள் நாள் முழுவதும் ஒரே லைப்ரரியைச் சர்வரில் திறந்து வைத்துக்கொள்வது இந்த எச்சரிக்கைக்கு நேர் எதிரான பழக்கம்.

பாதைகளின் தொல்லையும் உண்டு. மெஷின் டெஃபனிஷன் கண்ட்ரோல் டெஃபனிஷனைச் சுட்டுகிறது, கண்ட்ரோல் டெஃபனிஷன் போஸ்ட்டைச் சுட்டுகிறது. ஒரு கணினியில் சர்வர் இசட் டிரைவாகவும் மற்றொன்றில் ஒய் டிரைவாகவும் இணைக்கப்பட்டிருந்தால், இந்தச் சங்கிலி எங்கோ ஓரிடத்தில் அறுந்துவிடும். மேலும், பயனர் இணைத்த டிரைவ் எழுத்து, அட்மின் உரிமையுடன் திறக்கப்பட்ட மென்பொருளுக்கு விண்டோஸில் இயல்பாகத் தெரிவதில்லை. ஆகவே இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் டிரைவ் எழுத்தை விட்டுவிட்டு, சர்வர் பெயரில் தொடங்கும் முழுப் பாதையையே எல்லா இடத்திலும் தர வேண்டும்.

ஷேரை ஒரு புரோகிராமரின் கணினியிலேயே திறந்துகொள்ளலாமே என்ற யோசனையை ஐடி பிரிவு மறுத்தால், அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 2017 மே மாதத்தில் வானாக்ரை என்ற பணயத் தீநிரல் பரவியது விண்டோஸின் கோப்புப் பகிர்வு நெறிமுறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தும், போடாத கணினிகள் விழுந்தன. 2018 ஆகஸ்டில் தைவானின் டிஎஸ்எம்சி சிப் ஆலைகளில் அதே வகை வைரஸ் புகுந்தது, சோதிக்காமல் வலையமைப்பில் இணைத்த ஒரு புதிய இயந்திரத்தின் வழியாக. ஷாப் ஃப்ளோரையும் அலுவலகத்தையும் பிரித்து, இடையே கோப்புப் பகிர்வை அடைத்து வைப்பவர்கள் இவற்றிலிருந்து கற்றுக்கொண்டவர்கள். கேட்க வேண்டியது அவர்கள் பொறுப்பிலுள்ள சர்வரில், படிக்க மட்டும் உரிமை கொண்ட ஓர் இடத்தை.

மூலம் சர்வரில், வேலை உள்ளூர் நகலில்

இதில் சர்வரிலுள்ள மூலக் கோப்புறையை எந்த மென்பொருளும் திறப்பதில்லை. காலையில் பயனர் உள்நுழையும்போது ஒரு சிறு ஸ்கிரிப்ட் ஓடி, மாறிய கோப்புகளை மட்டும் உள்ளூர் வட்டுக்கு இழுத்துக்கொள்கிறது. விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸுடனேயே வரும் நகலெடுக்கும் கருவியான ரோபோகாப்பி இதற்குப் போதும் என்பதால், புதிய மென்பொருளுக்கு அனுமதி கேட்டு ஐடி பிரிவின் வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை. பூட்டிய வலையமைப்பில் இந்த ஒரு காரணமே இந்த வழியைப் பாதி வெல்ல வைக்கிறது.

சர்வர் நின்றாலும் வேலை நிற்காது. கண்ட்ரோல் டெஃபனிஷன் சுட்டும் பாதை எல்லாக் கணினியிலும் ஒரே உள்ளூர்ப் பாதையாக இருப்பதால் சங்கிலி அறுவதில்லை. டூல் லைப்ரரியை ஒவ்வொருவரும் தம் வட்டிலிருந்து படிப்பதால் பூட்டுச் சண்டையும் இல்லை. ஒருவர் தம் நகலில் எதையேனும் கெடுத்துக்கொண்டாலும் பாதிப்பு அவரோடு நிற்கும். மூலத்தோடு முழுதும் ஒத்திருக்கும்படி ரோபோகாப்பியை அமைத்திருந்தால் மறுநாள் காலையில் அதுவும் சரியாகிவிடும்.

அந்த முழு ஒப்புமை அமைப்பில்தான் கவனம் தேவை. மூலத்தில் இல்லாத எந்தக் கோப்பு உள்ளூர்க் கோப்புறையில் இருந்தாலும் ரோபோகாப்பி கேள்வியின்றி அழித்துவிடும். ஆகவே குறுக்கு விசைகள், ரிப்பன் அமைப்பு, திரை நிறங்கள் போன்ற சொந்த விருப்பங்களை இந்தக் கோப்புறைக்கு வெளியே, பயனரின் சொந்த ஆவணங்களில் மட்டுமே வைக்க வேண்டும். சொந்த விருப்பங்களையும் எல்லோருக்கும் ஒன்றாக்கும் முயற்சியை நான் ஆதரிக்கவில்லை. அதனால் பாதுகாப்பு கூடுவதில்லை, மனக்கசப்பு மட்டும் கூடுகிறது.

மற்றொரு விவரம்: ஒரு கோப்பை நகலெடுக்க முடியாமல் போனால், 30 விநாடிக்கு ஒரு முறையாகப் பத்து லட்சம் முறை மீண்டும் முயல்வதுதான் ரோபோகாப்பியின் இயல்பான அமைப்பு. மாஸ்டர்கேம் திறந்திருக்கும்போது ஸ்கிரிப்ட் ஓடி, லைப்ரரிக் கோப்பு பூட்டியிருந்தால், அது அங்கேயே நின்றுவிடும். முயற்சி எண்ணிக்கையை இரண்டு, காத்திருப்பை ஐந்து விநாடி என்று குறைத்து, நடந்ததை ஒரு பதிவுக் கோப்பில் எழுதச் சொல்வது நல்லது. ஸ்கிரிப்ட்டைக் கணினியின் சிஸ்டம் கணக்கில் ஓட்டினால், சர்வர் பார்ப்பது பயனரை அல்ல, கணினியைத்தான். எனவே படிக்கும் உரிமையைக் கணினிக் கணக்குகளுக்கும் தரும்படி ஐடி பிரிவிடம் எழுதிக் கேட்க வேண்டும்.

இந்த வழியின் உண்மையான குறை தாமதம்தான். பிற்பகலில் போஸ்ட்டில் ஒரு பிழையைத் திருத்தினால், மறுநாள் உள்நுழையும் வரை மற்றவர்களிடம் பழையதே இருக்கும். டெஸ்க்டாப்பில் ஒரு குறுக்குவழி வைத்து, சொன்னவுடன் அதை அழுத்தச் செய்யலாம். ஆனால் அது மனிதர்களின் நினைவை நம்பும் ஏற்பாடு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தத் தாமதத்தையும், பாதித் திருத்தம் இயந்திரத்தை எட்டும் ஆபத்தையும் எதிரெதிரே வைத்தால், நான் தாமதத்தையே ஏற்பேன்.

கிட், சப்வெர்ஷன்

பிஎஸ்டி கோப்பு வெறும் உரைக் கோப்பு. எந்த வரியை யார், எப்போது, ஏன் மாற்றினார் என்பதை, கோப்புகளின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் மென்பொருளான கிட் அப்படியே காட்டும். மூலக் கோப்புறையைப் பேணுபவருக்கு இது பெரிய துணை. கிட்டுக்குத் தனிச் சர்வர்கூடத் தேவையில்லை. சாதாரண ஷேர்டு ஃபோல்டரிலேயே களஞ்சியத்தை (அந்த வரலாறு சேரும் இடத்தை) வைக்கலாம். 2022க்குப் பின் வந்த பதிப்புகள், வேறொரு பயனருக்குச் சொந்தமான களஞ்சியத்தை நம்ப மறுக்கும் என்பதால், அந்த இடத்தைப் பாதுகாப்பானதென ஒருமுறை அறிவித்துவிட வேண்டும்.

மெஷின் டெஃபனிஷன், டூல்டிபி போன்றவற்றில் கிட் மாறியது என்று மட்டும் சொல்லும், என்ன மாறியது என்று சொல்லாது. இருவர் செய்த மாற்றங்களை இணைக்கவும் முடியாது. அத்தகைய கோப்புகளுக்கு, ஒருவர் எடுத்தால் மற்றவர் தொடாதபடி பூட்டு வைக்கும், அதே வகை மென்பொருளான சப்வெர்ஷன் பொருத்தமானது. எதுவாயினும், எல்லாப் புரோகிராமர்களும் இதைக் கற்றுக்கொண்டு தினமும் பயன்படுத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பதை நான் ஏற்கவில்லை. மூலத்தைப் பேணும் ஒருவர், அவர் விடுப்பில் போனால் அவர் இடத்தில் நிற்கும் இன்னொருவர், இந்த இருவருக்குத் தெரிந்தால் போதும். அவர்கள் களஞ்சியத்தில் திருத்தி, சோதித்து, பிறகு மூலக் கோப்புறைக்கு வெளியிட, மற்றவர்களுக்கு ரோபோகாப்பி கொண்டுசேர்க்கும். களஞ்சியத்தையும் ரோபோகாப்பியையும் போட்டியாளர்களாகப் பார்க்காமல் ஒன்றன் பின்னால் ஒன்றாக நிறுத்துவதே சரி.

மேகமும் பென் டிரைவும்

ஆட்டோடெஸ்க் ஃபியூஷன் என்ற மென்பொருளில் டூல் லைப்ரரியையும் போஸ்ட்டையும் மேகத்தில் (இணையவழிச் சேமிப்பில்) வைத்துக் குழுவாகப் பகிரலாம். திறந்த வலையமைப்பில் அது மிக நல்ல வசதி. இணையம் இல்லாத அறையில் பேசுவதற்கு ஒன்றுமில்லை. பென் டிரைவைப் பொறுத்தவரை, 2010இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல், இணையத்தோடு தொடர்பில்லாத ஆலைக்குள்ளும் யுஎஸ்பி வழியே ஒரு நிரல் நுழைய முடியும் என்று காட்டிவிட்டது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வேலைகளை எடுப்போரைக் கட்டுப்படுத்தும் நிஸ்ட் 800-171 விதித்தொகுப்பும் கழற்றி மாட்டும் சேமிப்புக் கருவிகளைக் கட்டுப்படுத்தச் சொல்கிறது. விதியைக்கூட விட்டுவிடலாம், பென் டிரைவில் போகும் போஸ்ட்டுக்குப் பதிப்பு என்ற ஒன்றே இல்லாமல் போகிறது என்பதே அதை ஒதுக்கப் போதுமானது.

எவருக்கு எது?

இரண்டே கணினிகள், ஒரே புரோகிராமர் திருத்துகிறார் என்றால், போஸ்ட்டை மட்டும் சர்வரிலிருந்து நேரடியாகப் படிப்பதில் பெரிய தீங்கில்லை. டூல் லைப்ரரியை அப்போதும் உள்ளூரில் வையுங்கள். என்எக்ஸ் பயன்படுத்தும் பெரிய நிறுவனம், நிலையான சர்வரும் சோதனைக்கென்று தனிக் கோப்புறையும் இருந்தால், மையத்திலிருந்தே ஓட்டலாம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பணிமனைகளுக்கு உள்ளூர் நகலையே பரிந்துரைக்கிறேன்.

எந்த வழியானாலும் மூலக் கோப்புறையில் மாஸ்டர்கேம் பதிப்புக்கு ஒன்றாகத் தனித்தனிக் கிளைகள் வேண்டும். புதிய பதிப்புக்கு மாற்றிய மெஷின் டெஃபனிஷனைப் பழைய பதிப்பு திறக்காது. எல்லாக் கணினிகளும் ஒரே நாளில் மேம்படுத்தப்படுவதும் நடைமுறையில் அரிது. அதோடு, போஸ்ட் தன் பதிப்பு எண்ணையும் தேதியையும் ஒவ்வொரு என்சி நிரலின் தலைப்பிலும் அடைப்புக்குறிக் குறிப்பாக எழுதும்படி செய்துவிடுங்கள். பிஎஸ்டியில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். நடப்புப் பதிப்பின் எண்ணை இயந்திரத்தின் அருகில் எழுதி ஒட்டிவிட்டால், சைக்கிள் ஸ்டார்ட் அழுத்துவதற்கு முன் இரண்டும் ஒன்றுதானா என்று ஆபரேட்டரே கண்ட்ரோல் திரையில் பார்த்துக்கொள்வார், ஒன்றாக இல்லையென்றால் புரோகிராமரைக் கூப்பிடுவார்.