கச்சானில் கட்டி மாரியில் காப்பது: ஒரு மீற்றர் பால்சா விமானக் கிட், நீண்ட பாவனைக்குப் பின்

இங்கே பேசுவது, இறக்கை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஏறத்தாழ 1000 மி.மீ., அகலம் 170 மி.மீ. உள்ள பைப்பர் கப் என்ற சிறு விமானத்தின் வடிவில் நாமே கட்டும் றிமோட் விமானக் கிட் பற்றி. பெட்டிக்குள் 1.5, 2, 3 மி.மீ. தடிப்பில் லேசரால் வெட்டிய பால்சா என்ற மிக இலகுவான மரத் தகடுகள், மோட்டார்த் தட்டுக்கும் சில்லுத் தாங்கிக்கும் பிளைவூட், நீளச் சட்டங்கள், 2 மி.மீ. உருக்குக் கம்பி, உண்மை அளவிலான வரைபடம் ஆகியன வரும். மோட்டார், ஈ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது), நாலு 9 கிராம் சேர்வோ (சுக்கான்களை அசைக்கும் சின்ன மோட்டார்), பற்றறி, றேடியோ (றிமோட் கருவி), மூடும் பிலிம் (சட்டத்தின் மேல் அயனால் ஒட்டிச் சுருக்கும் பிளாஸ்டிக் தாள்), பசை எல்லாம் தனியே வாங்க வேண்டும். லித்தியம் பற்றறி சாதாரண வான் தபாலில் வராது. றேடியோவுக்கு இலங்கைத் தொலைத்தொடர்பு ஒழுங்குறுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி பற்றி முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. பெட்டியைத் திறந்து பார்த்த நாளில் எழுதும் குறிப்பு இது இல்லை. கச்சான் என்ற வறண்ட காற்றும் மாரி மழையும் மாறிமாறி அடித்த பிறகு எது நின்றது, எது கழன்றது என்பதுதான் கணக்கு.

அறிவுறுத்தல் தாளில் காற்றின் ஈரம் பற்றி ஒரு வரிகூட இராது. மட்டக்களப்பில் முதல் பிரச்சினையே அதுதான். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. மாரியில் வெளியே வைத்த பால்சா, கச்சான் காலத்தில் இருந்ததைவிட 100 கிராம் உலர் மரத்துக்கு 6 அல்லது 7 கிராம் கூடுதலாகத் தண்ணீரைக் குடித்துவிடும். எடை கூடுவது சின்ன விஷயம். மரம் நார் ஓடும் திசையில் அசையாமல், குறுக்கே மட்டும் வீங்குவதும் சுருங்குவதும்தான் வினை. நொவெம்பரில் கட்டி மூடிய இறக்கை ஜூலைக் கச்சானில் உள்ளே காய்ந்து சுருங்கும். பிலிம் தொய்ந்து விலாக்களுக்கிடையே அலை அலையாய் நிற்கும். மெல்லிய பின் விளிம்பு முறுகும். ஆகவே வெட்டு, ஒட்டு, மூடல் எல்லாவற்றையும் மே முதல் செப்டெம்பருக்குள் முடிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாரியில்தான் நேரம் கிடைக்கும் என்றால் உடலை மட்டும் கட்டி வைத்து, இறக்கையைப் பிறகு பார்க்கலாம்.

முதல் வேலை தராசு. 100 × 1000 × 2 மி.மீ. தகடு 24 கிராம் இருந்தால் நல்ல இலகு மரம். 40 கிராம் இருந்தால் கனத்தது. மலிவுக் கிட்டில் இரண்டும் கலந்தே வரும். வால் பாகங்கள் கனத்த தகட்டில் வெட்டப்பட்டிருந்தால் அவற்றை அப்படியே பாவிக்க வேண்டாம். வடிவத்தைப் பிரதியெடுத்து இலகுவான தகட்டில் வெட்டுங்கள். வாலில் கூடும் ஒரு கிராமைச் சமன் செய்ய மூக்கில் மூன்று கிராம் வரை வைக்க வேண்டிவரும். வாலில் 8 கிராம் கூடினால் மூக்கில் 24 கிராம் ஈயம். விமானம் சும்மா சுமந்து திரியும்.

லேசர் எரித்த கறுப்பு விளிம்பை 240 சாண்ட் பேப்பரால் ஒரே இழுப்பில் தட்டிவிட்டால் போதும். கரி இருந்தால் பசை மரத்துக்குள் இறங்காது. அதிகம் தேய்த்தால் பொருத்துத் துளைகள் தளர்ந்துவிடும்.

பசையில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சி.ஏ. (சுப்பர் குளூ வகை) பசை இறுகுவதே ஈரத்தால்தான். நம் கரையோரக் காற்றில் அது கண் இமைக்கும் முன் பிடித்துவிடும், மூட்டைச் சுற்றி வெள்ளைப் பூ பூக்கும். பூவால் பாதகமில்லை. உள்ளே இறங்குமுன் மேலே இறுகிப்போவதுதான் ஆபத்து. தண்ணீர் போல ஓடும் மெல்லிய சி.ஏ.யை, பாகங்களை இறுக்கமாகச் சேர்த்துப் பிடித்த பிறகே மூட்டில் விட வேண்டும். முன்னதாகப் பூசிவிட்டுச் சேர்த்தால் ஒட்டியது போலத் தோன்றிப் பிறகு கழரும். துளி துளியாக வைக்க ஈர்க்குத் துண்டை விட நல்ல கருவி கடையில் இல்லை. போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பவர்கள், வெளியே எடுத்து அறை வெப்பத்துக்கு வந்த பின்பே மூடியைத் திறக்க வேண்டும். குளிரோடு திறந்தால் உள்ளே வியர்த்து, சில நாளில் பாகாகிவிடும்.

விலாக்களுக்கும் சட்டங்களுக்கும் தச்சர் பாவிக்கும் வெள்ளைப் பசை நல்லது, சட்டத்தைச் சரிபார்க்க அவகாசம் தரும். ஆனால் அது வெப்பத்திலும் ஈரத்திலும் இளகும் குணமுள்ளது. தகரக் கூரைக்குக் கீழ் வைக்கும் விமானத்தில் மோட்டார்த் தட்டையும் இறக்கை நடு மூட்டையும் அதை நம்பி விடக்கூடாது. அந்த இரண்டுக்கும் 30 நிமிட எபொக்சி (இரண்டு கூறு கலந்து பூசும் பசை). 5 நிமிட எபொக்சி வெயிலில் சூடேறினால் மென்மையாகும். மோட்டார்த் தட்டு ஒரு பாகை சாய்ந்தாலே, விமானம் காரணம் தெரியாமல் ஒரு பக்கம் இழுக்கத் தொடங்கும்.

இறக்கையை நேரான பலகையில், வரைபடத்தின் மேல் பொலித்தீன் விரித்துக் குண்டூசி குத்திக் கட்டுங்கள். ஒட்டி முடித்ததும் எடுத்துவிடாமல் ஓர் இரவு குத்தியபடியே விடுவது நல்லது. இறக்கை முனைகளில் பின் விளிம்பை 3 மி.மீ. உயர்த்திப் பிடித்தால் சுமார் ஒரு பாகை முறுக்கு கிடைக்கும். வேகம் குறைந்து தரையிறங்கும்போது ஒரு பக்க இறக்கை திடீரென்று விழுவதை அது குறைக்கும்.

மூடும் பிலிம் ஒரு மீற்றர் விமானத்துக்கு 0.7 சதுர மீற்றர் போதும். வெட்டுக் கழிவோடு 60 செ.மீ. அகலத்தில் 2 மீற்றர் வாங்கினால் ஒட்டுப்போடவும் மிஞ்சும். மரத்தை 400 சாண்ட் பேப்பரால் தேய்த்துத் தூசி துடைத்து, அன்று காலை வெயிலில் வைத்தெடுத்த சூட்டோடு மூடுங்கள். அயனை விளிம்பு ஒட்ட 110 பாகை சென்டிகிரேட் அளவிலும், சுருக்க அதைவிடக் கூட்டியும் பாவிக்க வேண்டும். வீட்டு அயனில் பட்டுத் துணி அடையாளத்தில் தொடங்கி ஒரு துண்டில் சோதித்துப் பாருங்கள். இறக்கையின் கீழ்ப்பக்கம் முதலில், மேல்பக்கம் பிறகு, ஒன்றின்மேல் ஒன்று 6 மி.மீ. ஏற வேண்டும். இந்த 6 மி.மீ.யைச் சிக்கனம் பிடித்த இடத்தில்தான் முதலில் உரியத் தொடங்கும். டிஷூப் பேப்பரும் அதன்மேல் பூசி இறுக்கும் டோப் என்ற மெருகும் அழகுதான், இலகுவும்கூட. ஆனால் ஈரக் காற்றில் டோப் பால் போல வெளுத்துவிடும், பேப்பரைக் கரப்பான் அரிக்கும். கரையோரத்தில் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கறுப்பு, கடும் நீல நிறங்களையும் தவிர்க்கலாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் அவற்றின் பசை இளகும்.

எடைக் கணக்கு: பிலிமோடு வெறும் உடலும் இறக்கையும் 270 முதல் 300 கிராம். 2212 அளவு மோட்டார் 50, 30 ஆம்பியர் ஈ.எஸ்.சி. 25, சேர்வோக்கள் 36, றிசீவரும் வயர்களும் 15, 3 செல் 1300 மில்லி ஆம்பியர் மணி பற்றறி 110. கூட்டினால் 500 கிராமைத் தாண்டும். பெட்டியில் 450 என்று அச்சடித்திருந்தால் அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். கிலோவுக்கு 200 வாட் என்ற பொது விதிப்படி 110 வாட் போதும், 1400 கே.வி. (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1400 சுற்று) மோட்டாரும் 8×4 அங்குலப் புரொப்பெல்லரும் 15 ஆம்பியரை ஒட்டி இழுத்து அதற்கு மேலேயே தரும். அரைத் த்ரொட்டிலில் 8 நிமிடம் பறந்து இறக்கிவிடலாம். மோட்டாருக்கு வலப்பக்கம் 2 பாகை, கீழ்நோக்கி 2 பாகை சாய்வு வையுங்கள். சமநிலைப் புள்ளி முன் விளிம்பிலிருந்து 45 மி.மீ.; 50 வரை போகலாம், அதற்குப் பின்னால் போகக்கூடாது. ஐலரோனும் (இறக்கைச் சுக்கான்) எலிவேற்றரும் (வாலின் கிடைச் சுக்கான்) மேலும் கீழும் 10 மி.மீ., றடர் (வாலின் நிமிர்ந்த சுக்கான்) இரு பக்கமும் 20 மி.மீ., எக்ஸ்போ (றேடியோக் குச்சியின் நடுவில் அசைவை மென்மையாக்கும் அமைப்பு) 30 வீதம்.

பறக்கவிட இடம் நம் பக்கம் குறைவில்லை, ஆனால் தேர்ந்தெடுக்க வேண்டும். மட்டக்களப்பு விமான நிலையம் நகரத்துக்கு அருகிலேயே புதூர்ப் பக்கம் இருப்பதால் அந்தச் சுற்றுவட்டாரம் வேண்டவே வேண்டாம்; மற்ற இடத்திலும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதியைக் கேட்டறிந்தே போக வேண்டும். கல்லடிக் கடற்கரை கண்ணுக்கு நல்லது, விமானத்துக்கு அல்ல: உப்பு, நுண்மணல், ஆட்கள். மாரி வெள்ளாமை வெட்டிய பிறகு வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல் வட்டைகள், அம்பாறைப் பக்கம் அக்கரைப்பற்று, திருக்கோவில் வயல்வெளிகள் சிறந்தவை, வயல்காரரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு. கிட்டோடு வரும் 40 மி.மீ. சில்லு தாளடியில் சிக்கி மூக்குக் குத்தும், 65 மி.மீ. போம் (பிளாஸ்டிக் நுரை) சில்லு மாற்றுங்கள், அல்லது சில்லைக் கழற்றிக் கையால் எறிந்து வைக்கோலில் இறக்குங்கள். கடற்காற்று எழும்புமுன், காலை ஒன்பது மணிக்குள் முடிப்பது நல்லது. 500 கிராம் விமானத்தைக் கச்சான் தூக்கினால் அடுத்த வயல் கண்டத்துக்குக் கொண்டுபோய்விடும்.

நாள்பட்டுக் கெடுவது பெரும்பாலும் மரமில்லை. முதலில் போவது இறக்கையைக் கட்டும் றப்பர் வளையம், வெயிலில் வெடிக்கும். வளைத்துப் பார்த்துக் கீறல் தெரிந்தால் எறியுங்கள், எட்டு வளையத்தில் ஒன்று போனாலும் முழுத் தொகுதியையும் மாற்றுங்கள். அடுத்தது துரு. தள்ளுகம்பி சேர்வோக் கையைத் தொடும் வளைவிலும், சின்னத் திருகாணிகளிலும், மோட்டார் பெயாரிங்கிலும் தொடங்கும். தள்ளுகம்பியில் துரு ஏறினால் சேர்வோ நடுவுக்குத் திரும்பாது. ட்ரிம் (நேராய்ப் பறக்கச் சரிசெய்த நடுநிலை) தினமும் மாறுகிறது என்று றேடியோவைக் குறை சொல்லுமுன் கம்பியைப் பாருங்கள். துருப்பிடியாத உருக்குத் திருகாணிக்கு மாற்றி, பெயாரிங்குக்கு ஒரு துளி மெல்லிய எண்ணெய் விட்டால் நெடுநாள் ஓடும். சேர்வோ வயர் முனையின் ஊசி பச்சை பிடித்திருந்தால் சுரண்டித் திரும்பப் பாவிக்க வேண்டாம்.

மூன்றாவது, ஐலரோன் கீல். ஒவ்வொரு ஐலரோனிலும் மூன்று கீல். கீலைச் செருகும் வெட்டின் நடுவே 1.5 மி.மீ. துளை போட்டால் சி.ஏ. உள்ளே வரை இறங்கும். போடாதவை ஒரு மாரி கடந்ததும் இழுத்தால் கையோடு வரும். பறக்குமுன் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்ப்பது கட்டாயம்.

ஒடிந்த சட்டத்துக்கு நேர்வெட்டு ஒட்டு நிற்காது. இரு முனையையும் சாய்வாக வெட்டி ஒட்டி, பக்கத்தில் மூங்கில் சிராய் ஒன்றை இரு பக்கமும் 40 மி.மீ. ஓடும்படி சேர்த்தால் பழையதைவிடப் பலம். பால்சா இங்கே ஹாட்வெயாரில் கிடைக்காது. அடுத்த கிட் எடுப்பிக்கும்போதே 2 மி.மீ. தகடு நாலைந்து சேர்த்து எடுப்பியுங்கள்.

முதல் விமானமாக இதை வாங்கலாமா என்றால், வேண்டாம். போம் விமானத்தில் கை பழகியவருக்கு இது. போம் விழுந்தால் பசை தடவி அன்றே பறக்கும். பால்சா விழுந்தால் ஒரு வாரம் மேசையில் கிடக்கும். ஆனால் காற்றில் அதன் நிதானமும், வெயிலில் நெளியாத சட்டமும் போமுக்கு வராது.

மாரிக்கு முன் இறக்கையைக் கழற்றி, பெரிய பொலித்தீன் உறைக்குள் சிலிக்கா ஜெல் போட்டு, சுவரில் சாய்க்காமல் தட்டையாகப் பலகையில் வையுங்கள். சீமெந்துத் தரை ஈரத்தைக் கக்கும், மண் சுவரோரம் என்றால் கறையான். பற்றறியைச் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி, விமானத்திலிருந்து எடுத்து, தகரப் பெட்டியில் தனியே. தை பிறந்து வெளியே எடுக்கும்போது இறக்கையை மேசையில் வைத்து நாலு மூலையையும் அழுத்திப் பாருங்கள். முறுகியிருந்தால் எதிர்ப்பக்கம் திருகிப் பிடித்தபடி பிலிமை அயனால் சூடாக்கி, ஆறும்வரை விடாமல் பிடித்தால் நேராகும். இரண்டு தடவை செய்தும் திரும்ப முறுகினால் பிலிமை உரித்து, நடு மூட்டையும் சட்டங்களையும் பார்த்துவிட்டு, கச்சான் வரும்வரை மூடாமல் வையுங்கள்.